2026 கால்பந்து உலகக் கோப்பை: டிக்கெட் கையில் இருந்தாலும் பயணம் உறுதியா?

பிப்ரவரி முதல் வாரத்துக்குப் பிறகு, நம்மூர் கால்பந்து ரசிகர்கள் சிலரது போனுக்கு வங்கியிலிருந்து ஒரு மெசேஜ் வரும். கிரெடிட் கார்டில் சில நூறு டாலர் கழிக்கப்பட்டது என்று. அதற்கு அர்த்தம், அவர்களுக்கு உலகக் கோப்பை டிக்கெட் விழுந்திருக்கிறது. ஜனவரி 13-ல் முடிந்த குலுக்கல் முறை விற்பனையில் விண்ணப்பித்தவர்களிடம் ஃபிஃபா மறுபடியும் "வேணுமா, வேண்டாமா?" என்று கேட்காது. குலுக்கலில் பெயர் வந்தால் கார்டில் இருந்து பணம் தானாகவே போய்விடும். விற்பனைக்கு வந்த டிக்கெட்டுகளுக்கு 50 கோடிக்கும் அதிகமான கோரிக்கைகள் வந்ததாக ஃபிஃபா சொல்கிறது. அதனால் டிக்கெட் விழுந்தவர் கொண்டாடுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனா, அந்த நேரத்தில் அவரிடம் அமெரிக்க விசா இருக்காது. தங்க இடம் இருக்காது. அவருக்குப் பிடித்த அணி மூன்றாவது ஆட்டத்துக்குப் பிறகு எந்த ஊரில் ஆடும் என்பது அவருக்கு மட்டுமல்ல, அந்த அணியின் பயிற்சியாளருக்கே தெரியாது.

இதற்கு முன்பு நடந்த உலகக் கோப்பைகளில் இந்தக் கவலைகளில் பாதியை, போட்டியை நடத்திய நாடுகள் சுமந்தன. இந்த முறை கிட்டத்தட்ட மொத்தச் சுமையும் ரசிகர் தலையில்தான். அதனால்தான் பயணத் திட்டம் என்பது இந்த முறை டிக்கெட் வாங்குவதைவிடக் கடினமான வேலையாகியிருக்கிறது.

கத்தாரில் இருந்த வசதி இப்போ ஏன் இல்லை?

2022-ல் கத்தாரில் எட்டு மைதானங்களும் தோஹாவிலும் அதைச் சுற்றியும்தான் இருந்தன. ஒரே நாளில் இரண்டு ஆட்டம் பார்த்துவிட்டு அதே அறைக்குத் திரும்பித் தூங்க முடிந்தது. 'ஹய்யா' அட்டை இருந்தால் அதுவே நாட்டுக்குள் நுழைய அனுமதி. மெட்ரோவும் பஸ்ஸும் இலவசம். கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் போனவர்களுக்கு சில மணி நேர விமானப் பயணம், அங்கே போனால் தெரிந்த முகங்கள். (அந்த வசதிகளைக் கட்டியெழுப்பிய வெளிநாட்டுத் தொழிலாளர்கள் கொடுத்த விலை தனிக்கதை. அதை மறந்துவிட்டு கத்தாரைப் புகழ முடியாது.) அதற்கு முன்பு 2018-ல் ரஷ்யாவும் 'ஃபேன் ஐடி' என்ற ஒரே அட்டையில் விசாவை முடித்துக்கொடுத்தது, நகரங்களுக்கு இடையே டிக்கெட் வைத்திருந்தவர்களுக்கு இலவச ரயில்களும் ஓடின.

2026-ல் கதையே வேற. ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை, 48 அணிகள், 104 ஆட்டங்கள், 16 நகரங்கள், மூன்று நாடுகள். அமெரிக்காவில் 78 ஆட்டங்கள். கனடாவிலும் மெக்சிகோவிலும் தலா 13. மூன்று நாடுகளுக்கும் பொதுவான ஒரே விசா கிடையாது. டிக்கெட்டைக் காட்டினால் உள்ளே விடும் அட்டையும் கிடையாது. மேற்கு மூலையில் உள்ள வான்கூவருக்கும் தென்கிழக்கு மூலையில் உள்ள மயாமிக்கும் இடையே சுமார் 4,500 கிலோமீட்டர். இதை ஒரே போட்டித் தொடர் என்று சொல்வதைவிட, ஒரே பெயரில் நடக்கும் பதினாறு திருவிழாக்கள் என்று நினைத்துக்கொண்டால் திட்டமிடுவது சுலபம்.

முதல் தடை: விசா

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு எல்லாமே இங்கிருந்துதான் தொடங்குகிறது. பி1/பி2 எனப்படும் சுற்றுலா விசா ஏற்கெனவே இருந்தால் (இந்தியர்களுக்கு அது பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்குக் கிடைப்பது) பாதி வேலை முடிந்தது. இல்லாதவர்களுக்கு விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். ஒரு டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சுமார் 16,650 ரூபாய். விசா மறுக்கப்பட்டால் இது திரும்ப வராது. கடந்த ஆண்டு ஜூலையில் நிறைவேறிய சட்டத்தில் கூடுதலாக 250 டாலர் கட்டணம் ஒன்றும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதன் வசூல் தொடங்கினால் செலவு இரண்டு மடங்குக்கு மேல் போகும்.

நேர்காணல் தேதிக்காக மாதக்கணக்கில் காத்திருப்பது நம்மூரில் புதிதில்லை. சிலர் முன்பெல்லாம் பாங்காக், துபாய் என்று போய் அங்குள்ள அமெரிக்கத் தூதரகத்தில் சீக்கிரம் தேதி வாங்கி முடித்துக்கொண்டார்கள். 2025 செப்டம்பரில் வந்த புதிய விதி அந்தக் கதவை மூடிவிட்டது. சொந்த நாட்டிலோ, சட்டப்படி வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும். சென்னையில் இருப்பவருக்கு சென்னைத் துணைத் தூதரகம், இல்லையென்றால் இந்தியாவின் வேறு நகரம், அவ்வளவுதான்.

இந்த இடத்தில்தான் 'ஃபிஃபா பாஸ்' வருகிறது. கடந்த நவம்பரில் அமெரிக்க அரசு அறிவித்த ஏற்பாடு இது. ஃபிஃபாவிடம் நேரடியாக டிக்கெட் வாங்கியவர்களுக்கு நேர்காணல் தேதி முன்னுரிமையில் கிடைக்கும். இதற்காக உலகம் முழுக்க 400-க்கும் மேற்பட்ட கூடுதல் தூதரக அலுவலர்களை அனுப்புவதாகவும் அமெரிக்கா சொன்னது. நல்ல விஷயம்தான். ஆனா பலர் இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். இது வரிசையில் முன்னால் நிற்க வைக்கும் சீட்டு மட்டுமே. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதிகாரி கேட்கும் கேள்விகள் அதேதான்: என்ன வேலை, என்ன சம்பளம், திரும்பி வருவதற்கு என்ன காரணம் இருக்கிறது? டிக்கெட் என்பது விசா ஆகாது என்பதை அமெரிக்க வெளியுறவு அமைச்சர் மார்கோ ரூபியோவே அறிவிப்பு நாளன்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்.

வேலையில் சேர்ந்து ஒன்றிரண்டு ஆண்டுகளே ஆன, திருமணமாகாத, இதற்கு முன் வெளிநாடு போகாத இருபதுகளில் இருக்கும் ஒருவருக்கு விசா மறுக்கப்படும் வாய்ப்பை மனதில் வைத்தே கணக்குப் போட வேண்டும். கால்பந்து ரசிகர்களில் பெரும் பங்கு இந்த வயதினர்தான் என்பது கசப்பான முரண்.

விசா கிடைக்கவில்லை என்றால் டிக்கெட் என்னாகும்? ஃபிஃபா பணத்தைத் திருப்பித் தராது. ஃபிஃபாவின் சொந்த மறுவிற்பனைத் தளத்தில் போட்டு விற்கலாம். அங்கே விற்பவரிடம் 15 சதவீதம், வாங்குபவரிடம் 15 சதவீதம் பிடிக்கிறார்கள். 200 டாலர் டிக்கெட்டை அதே விலைக்குப் போட்டால், வாங்குபவர் 230 கொடுப்பார். விற்பவர் கைக்கு 170 வரும். நடுவில் 60 டாலர் ஃபிஃபாவுக்கு. ஒரே இருக்கையை இரண்டு தடவை விற்றுக் காசு பார்ப்பதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு இருக்க முடியாது.

எல்லை தாண்டும் அணிகள்

அணியின் பின்னால் போக நினைப்பவர்கள், அட்டவணையில் நாட்டின் பெயரையும் பார்க்க வேண்டும். ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். ஜூன் 14-ல் ஹூஸ்டன், ஜூன் 20-ல் டொராண்டோ, ஜூன் 25-ல் நியூஜெர்சி. நடுவில் இருக்கும் ஒரே ஓர் ஆட்டத்துக்காக கனடா விசா தனியாக எடுக்க வேண்டும். அதற்குக் கட்டணம் 100 கனடிய டாலர், கைரேகைப் பதிவுக்கு 85. அமெரிக்க விசா இருந்தாலும் இந்தியருக்குக் கனடாவில் சலுகை இல்லை. அது மட்டுமல்ல, கனடாவுக்குப் போய்த் திரும்பி அமெரிக்காவுக்குள் நுழையும்போது விசா பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும்.

ஸ்பெயின் ரசிகர்களுக்கு நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. முதல் இரண்டு ஆட்டங்களும் அட்லாண்டாவில். மூன்றாவது, உருகுவேயுடன், ஜூன் 26-ல் மெக்சிகோவின் குவாதலஹாராவில். செல்லுபடியாகும் அமெரிக்க விசா கையில் இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை என்பது பலருக்குத் தெரியாத சலுகை.

அமெரிக்க விசாவே கிடைக்காதவர்கள் மெக்சிகோவை மட்டும் குறிவைக்கலாமா? வழி இருக்கிறது. மெக்சிகோ விசா தனியாக எடுத்து, அமெரிக்காவில் இறங்காத பாதையில் போக வேண்டும். இஸ்தான்புல்லிலிருந்தும், துபாயிலிருந்து பார்சிலோனா வழியாகவும் மெக்சிகோ சிட்டிக்கு விமானங்கள் உண்டு. அமெரிக்க விமான நிலையத்தில் விமானம் மாறுவதற்குக்கூட விசா கேட்பார்கள் என்பதால் விலை குறைவு என்று டல்லாஸ் வழியாக டிக்கெட் போட்டுவிடக் கூடாது. தொடக்க ஆட்டமே மெக்சிகோ சிட்டியின் அஸ்டெகா மைதானத்தில்தான். மெக்சிகோவும் தென்னாப்பிரிக்காவும் மோதுகின்றன. 1970, 1986 என இரண்டு இறுதி ஆட்டங்களைப் பார்த்த மைதானம் அது. கால்பந்து வரலாறு தெரிந்தவருக்கு நியூஜெர்சியில் நடக்கும் இறுதி ஆட்டத்தைவிட அஸ்டெகாவில் ஒரு சாதாரண குழு ஆட்டம் இனிக்கலாம்.

மெஸ்ஸியைப் பின்தொடர்ந்தால் என்ன ஆகும்?

நம்மூர் ரசிகர்களில் பாதிப் பேர் கேட்கும் கேள்வி இது. அர்ஜென்டினாவுக்கு ஜூன் 16-ல் கன்சாஸ் சிட்டியில் அல்ஜீரியா. ஜூன் 22-ல் டல்லாஸில் ஆஸ்திரியா. ஜூன் 27-ல் அதே டல்லாஸில் ஜோர்டான். வரைபடத்தில் பார்க்க கன்சாஸ் சிட்டியும் டல்லாஸும் பக்கம்தான். காரில் எட்டு, ஒன்பது மணி நேரம். நேரடி ரயில் கிடையாது. அதனால் ஒரு விமான டிக்கெட், இரண்டு ஊர் தங்கல். இதுவரை சமாளிக்கக்கூடிய கணக்குதான்.

சிக்கல் ஜூன் 27 இரவு ஆரம்பிக்கிறது. அர்ஜென்டினா தன் குழுவில் முதலிடம் பிடித்தால், 32 அணிகள் ஆடும் அடுத்த சுற்று ஆட்டம் ஜூலை 3-ல் மயாமியில். இரண்டாமிடம் என்றால் ஜூலை 2-ல் லாஸ் ஏஞ்சலஸில். இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 3,700 கிலோமீட்டர். சென்னை–டெல்லி தூரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல். மூன்றாமிடத்தில் முடிந்தால் இன்னும் மோசம். 12 குழுக்களில் மூன்றாமிடம் பிடிக்கும் அணிகளில் எட்டு முன்னேறும். எந்த எட்டு என்பதற்கு 495 சாத்தியங்கள் இருக்கின்றன. அதைப் பொறுத்துத்தான் யார் எந்த ஊரில் ஆடுவார்கள் என்பது முடிவாகும்.

விமானம் பிடிக்க, அறை பிடிக்க, ரசிகருக்குக் கிடைப்பது ஐந்தாறு நாட்கள். அதே ஐந்தாறு நாட்களில் அதே விமானத்துக்கு பல்லாயிரம் அர்ஜென்டினா ரசிகர்களும் முண்டியடிப்பார்கள். விமான நிறுவனங்களின் மென்பொருளுக்கு இதெல்லாம் அத்துப்படி.

இதைச் சமாளிக்க அனுபவசாலிகள் செய்வது இதுதான்: மயாமி, லாஸ் ஏஞ்சலஸ் இரண்டிலும் இப்போதே, கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறைகளைப் போட்டு வைப்பது. முடிவு தெரிந்த இரவே ஒன்றை ரத்து செய்வது. ரத்து செய்யக் கடைசி நாள் ஜூன் 28-க்குப் பிறகு இருக்கிறதா என்பதை மட்டும் புக் செய்யும்போதே பார்த்துவிட வேண்டும். பல ஓட்டல்கள் விசேஷ நாட்களில் இந்தக் கெடுவை ஒரு வாரம், இரண்டு வாரம் முன்னால் தள்ளிவைக்கும்.

உள்நாட்டு விமானத்தில் மிகக் குறைந்த 'பேசிக் எகானமி' கட்டணத்தைத் தவிர்ப்பது நல்லது. பெரிய அமெரிக்க விமான நிறுவனங்களில் அதற்கு அடுத்த நிலை டிக்கெட்டை மாற்றினால் அபராதம் இல்லை. கட்டண வித்தியாசம் மட்டும்தான். "வாங்கி 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் முழுப் பணம்" என்ற அமெரிக்க விதியை நம்பியும் இறங்கக் கூடாது. பயணத்துக்கு ஏழு நாட்களுக்கு முன்பாவது வாங்கிய டிக்கெட்டுக்கே அது பொருந்தும். ஐந்து நாள் இடைவெளியில் அது உதவாது.

ரொனால்டோ ரசிகர்களுக்கு இந்த விஷயத்தில் அதிர்ஷ்டம். போர்ச்சுகலின் முதல் இரண்டு ஆட்டங்களும் ஹூஸ்டனில், மூன்றாவது மயாமியில். பிரேசில் ரசிகர்களுக்கும் தொடக்கம் சுலபம்: நியூஜெர்சி, ஃபிலடெல்ஃபியா என்று ஒன்றரை மணி நேர ரயில் பயணத்தில் இரண்டு ஆட்டங்கள், பிறகு மயாமி.

அணியை விட்டுவிட்டு ஊரைப் பிடித்தால்?

செலவைக் கணக்குப் போட்டுப் பார்ப்பவர்களுக்கு இதுதான் புத்திசாலித்தனமான வழி. டல்லாஸில் மட்டும் ஒன்பது ஆட்டங்கள், எந்த ஊரையும்விட அதிகம். ஜூன் 14-ல் நெதர்லாந்து–ஜப்பான், 17-ல் இங்கிலாந்து–குரோஷியா, 22-லும் 27-லும் அர்ஜென்டினா, நடுவில் 25-ல் மறுபடியும் ஜப்பான். ஒரே அறையில் இரண்டு வாரம் தங்கி, ஒரு விமானம்கூட ஏறாமல் ஐந்து குழு ஆட்டங்கள். நீண்ட நாள் தங்கலுக்கு விலையும் பேசலாம். அறைக்குப் பதில் சமையலறையுடன் கூடிய சிறு வீடு எடுத்து நான்கு பேர் பகிர்ந்தால் சாப்பாட்டுச் செலவும் பாதியாகும்.

கிழக்குக் கரையிலும் இதே கணக்கு நடக்கும். பாஸ்டன், நியூயார்க், ஃபிலடெல்ஃபியா மூன்றும் ஒரே ரயில் பாதையில் இருக்கின்றன. மூன்றிலும் சேர்த்து 21 ஆட்டங்கள். அமெரிக்காவில் கார் இல்லாமல் வாழ முடிகிற அபூர்வமான பகுதி இது. ஒரு எச்சரிக்கை: ஜூலை 4-ல் அமெரிக்க சுதந்திரத்தின் 250-வது ஆண்டு விழா. அன்றே ஃபிலடெல்ஃபியாவில் நாக்-அவுட் ஆட்டமும் இருக்கிறது. சுதந்திரப் பிரகடனம் கையெழுத்தான ஊரில் அந்த வாரம் அறை தேடுவது, தைப்பொங்கலுக்கு முந்தைய இரவு கோயம்பேட்டில் ஆம்னி பஸ் தேடுவது மாதிரிதான்.

ஊர் பெயரை நம்பி அறை போடலாமா?

கூடாது. இந்த உலகக் கோப்பையில் அதிகம் பேர் ஏமாறப்போவது இதில்தான். விளம்பர விதிகளுக்காக ஃபிஃபா மைதானங்களின் வழக்கமான பெயர்களை மாற்றி, ஊர் பெயரை வைத்திருக்கிறது. 'டல்லாஸ் ஸ்டேடியம்' டல்லாஸில் இல்லை. ஆர்லிங்டன் என்ற வேறு ஊரில் இருக்கிறது. அந்த ஊருக்குள் ரயிலே கிடையாது. பக்கத்து ஊர் நிலையத்தில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். 'பாஸ்டன் ஸ்டேடியம்' பாஸ்டனிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர் தள்ளி ஃபாக்ஸ்பரோவில். 'சான் பிரான்சிஸ்கோ' என்று போட்டிருப்பது 60 கிலோமீட்டருக்கும் அப்பால் சாண்டா கிளாராவில். இறுதி ஆட்டம் நடக்கும் 'நியூயார்க் நியூஜெர்சி ஸ்டேடியம்' ஹட்சன் ஆற்றுக்கு இந்தப் பக்கம், நியூஜெர்சியின் ஈஸ்ட் ரூதர்ஃபோர்டில்.

மறுபக்கம், அட்லாண்டா, சியாட்டில், வான்கூவர், ஹூஸ்டன், ஃபிலடெல்ஃபியா மைதானங்களுக்கு நகர ரயிலிலேயே போய் இறங்கலாம். அறைக்கு நூறு டாலர் குறைவு என்று தூரத்தில் போட்டு, ஆட்டம் முடிந்த இரவில் ஊபருக்கு அதைவிட அதிகம் கொடுக்கும் நிலை வரலாம். ஓட்டலிலிருந்து மைதானத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்ப்பது பயனற்றது. இரவு பதினொரு மணிக்கு எப்படித் திரும்புவது என்று பார்ப்பதே சரி.

நியூஜெர்சி மைதானத்தில் இதற்கு முன்னுதாரணமே இருக்கிறது. 2014-ல் அங்கே நடந்த சூப்பர் பவுல் அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டத்துக்கு எதிர்பார்த்ததைவிட மிக அதிகமானோர் ரயிலில் வந்துவிட, செகாக்கஸ் நிலையத்தில் ரசிகர்கள் மணிக்கணக்கில் நெரிசலில் சிக்கினார்கள். உலகக் கோப்பையில் எட்டு முறை அந்தச் சோதனை நடக்கப்போகிறது.

இங்கேதான் நம் ஆட்களுக்கு ஒரு சாதகம். எடிசன், ஃப்ரிஸ்கோ, சன்னிவேல், டொராண்டோவின் ஸ்கார்பரோ என்று, தமிழர்கள் அதிகம் வாழும் பகுதிகள் பல, போட்டி நகரங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. சித்தப்பா வீடோ, காலேஜ் ரூம்மேட் வீடோ இருந்தால் மிகப் பெரிய செலவு மிச்சம். சன்னிவேலில் இருப்பவருக்கு மைதானம் பக்கத்து ஊர். எடிசனில் இருப்பவர் நியூயார்க்குக்குள் போகாமலே வழக்கமான நாட்களில் செகாக்கஸில் ரயில் மாறி மைதானம் போகலாம். ஆனா ஃப்ரிஸ்கோவிலிருந்து ஆர்லிங்டனுக்கு 60 கிலோமீட்டர் வரும். யாராவது கார் ஓட்டியாக வேண்டும். ஆட்டத்துக்கு டிக்கெட் இல்லாத அண்ணனை டிரைவராக்குவது எத்தனை நாள் தாங்கும் என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். விசா விண்ணப்பத்தில் தங்குமிடம் என்று உறவினர் முகவரியைத் தருவதில் தவறில்லை. உறவினர் இருப்பதை மறைப்பதுதான் தவறு.

ஓட்டல் விலை இறங்குமா?

டிசம்பர் 5-ல் அணிகளின் குழுக்கள் முடிவானதும் அறை விலைகள் எகிறின. இதைப் பார்த்துப் பதறிப் பணம் கட்டிவிடுவதற்கு முன், அறைச் சந்தை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது உதவும். போட்டிக்கு வெகு காலம் முன்பே ஃபிஃபாவும் ஸ்பான்சர்களும் ஓட்டல்களில் அறைகளை மொத்தமாகப் பிடித்து வைக்கிறார்கள். அதனால் பொதுமக்கள் தேடும்போது அறையே இல்லாத மாதிரி தெரியும். தேவையில்லாத அறைகளைப் போட்டி நெருங்கும்போது திருப்பிக் கொடுப்பார்கள். தென்னாப்பிரிக்காவில் 2010-ல் ஃபிஃபாவின் பங்குதாரரான 'மேட்ச்' நிறுவனம் இப்படித்தான் ஏராளமான அறைகளை விட்டுக்கொடுத்தது. எதிர்பார்த்த கூட்டம் வராமல் ஓட்டல்காரர்கள் தவித்தார்கள்.

அப்போ காத்திருக்கலாமா? கன்சாஸ் சிட்டி மாதிரி அறைகள் குறைவான ஊரில் காத்திருப்பது ஆபத்து. நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் மாதிரி அறைகள் கொட்டிக்கிடக்கும் பெருநகரங்களில் ரத்து செய்யக்கூடிய ஓர் அறையைக் கையில் வைத்துக்கொண்டு மே மாதம் வரை விலையைக் கவனிப்பதில் நஷ்டம் இல்லை.

வீடு வாடகைக்கு எடுப்பவர்கள் உள்ளூர் சட்டத்தைப் பார்க்க வேண்டும். ஏர்பிஎன்பி இந்தப் போட்டியின் அதிகாரபூர்வப் பங்குதாரர். ஆனா இறுதி ஆட்டத்துக்கு வருபவர்கள் தங்க விரும்பும் நியூயார்க் நகரத்தில் 2023 முதல் 30 நாளுக்குக் குறைவான வாடகைக்குக் கடும் கட்டுப்பாடு: வீட்டுக்காரர் கூடவே தங்கியிருக்க வேண்டும், விருந்தினர் இருவருக்கு மேல் கூடாது, பதிவு செய்திருக்க வேண்டும். வான்கூவரிலும் டொராண்டோவிலும் சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டை மட்டுமே இப்படி விட முடியும். சமூக வலைதளத்தில் "மன்ஹாட்டனில் முழு ஃபிளாட், ஆறு பேர் தங்கலாம், முன்பணம் அனுப்புங்க" என்று வருவதைப் பார்த்தால் அந்த இடத்திலேயே விலகுவது நல்லது.

விலையில் இன்னொரு விஷயம். கடந்த மே முதல், கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்தே அறை விலையைக் காட்ட வேண்டும் என்பது அமெரிக்க விதி. ஆனா வரி அதில் சேராது. பல நகரங்களில் அது 15 சதவீதத்தை ஒட்டி வரும். இந்திய கிரெடிட் கார்டில் கட்டினால் அந்நியச் செலாவணிக் கட்டணமாகப் பொதுவாக 2 முதல் 3.5 சதவீதம், அதன் மேல் ஜி.எஸ்.டி. கார் வாடகைக்கு எடுக்க நினைப்பவர் 25 வயதுக்குக் கீழ் என்றால் தினமும் தனியாகக் கூடுதல் கட்டணம். இவை எல்லாம் சேர்ந்து ஒரு லட்ச ரூபாய் பட்ஜெட்டை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று எக்ஸெல் ஷீட்டில் போட்டுப் பார்ப்பது நல்லது.

மழைக்கும் இடம் விடணும்

2025 ஜூன், ஜூலையில் அமெரிக்காவில் நடந்த கிளப் உலகக் கோப்பை ஒரு பாடம் சொன்னது. பக்கத்தில் மின்னல் தென்பட்டால் ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்பது அங்கே கண்டிப்பான நடைமுறை. ஒவ்வொரு மின்னலுக்கும் அரை மணி நேரக் கணக்கு மறுபடியும் முதலில் இருந்து. சார்லட் நகரில் செல்சி–பென்ஃபிகா ஆட்டம் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் நின்றுபோனது. டல்லாஸ், ஹூஸ்டன், அட்லாண்டா மைதானங்களுக்குக் கூரை உண்டு. மயாமி, நியூஜெர்சி, ஃபிலடெல்ஃபியா, கன்சாஸ் சிட்டியில் ஆடுகளம் திறந்தவெளிதான். ஆட்டம் முடிந்த அதே இரவு விமானம் போடுபவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் இல்லாததால், எங்காவது மாறி, இருபது மணி நேரத்துக்கு மேல் பயணித்துப் போய்ச் சேர வேண்டும்; முதல் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பாவது இறங்கினால்தான் தாமதத்தையும் ஜெட் லேகையும் சமாளிக்கலாம்.

எந்த வரிசையில் செய்வது?

பொதுவாகச் செய்யும் வரிசை: டிக்கெட், விமானம், அறை, கடைசியில் விசா. இந்த முறை அது தலைகீழாக வேண்டும். விசா விண்ணப்பம் முதலில்; டிக்கெட் விழுந்திருந்தால் ஃபிஃபா பாஸ் மூலம். அதோடு சேர்த்து, ரத்து செய்யக்கூடிய அறை. விசா பாஸ்போர்ட்டில் ஒட்டப்பட்டுக் கைக்கு வந்த பிறகே சர்வதேச விமானம். பணம் திரும்ப வராத பயண டிக்கெட்டை விசாவுக்கு முன் வாங்க வேண்டாம் என்பது அமெரிக்க வெளியுறவுத் துறையே தரும் அறிவுரை. பயணக் காப்பீடு எடுப்பவர்கள் இரண்டு வரிகளைத் தேடிப் படிக்க வேண்டும்: விசா மறுப்புக்கு இழப்பீடு உண்டா, அமெரிக்க மருத்துவமனைச் செலவுக்கு உச்சவரம்பு எவ்வளவு. முதலாவது பெரும்பாலான சாதாரண பாலிசிகளில் இருக்காது. இரண்டாவதில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாத நாடு அமெரிக்கா.

குலுக்கலில் டிக்கெட் விழாதவர்களுக்கும் கதை முடியவில்லை. ஏப்ரலில் கடைசிக் கட்ட விற்பனை தொடங்கும். அது குலுக்கல் இல்லை, முதலில் வருபவருக்கே டிக்கெட். விலை தேவைக்கு ஏற்ப மாறும். முதல் கட்ட விற்பனையில் 60 டாலரில் ஆரம்பித்து, இறுதி ஆட்டத்தின் உச்ச விலை 6,730 டாலர் வரை, அதாவது சுமார் 6 லட்ச ரூபாய் வரை, போனது நினைவிருக்கலாம். கடும் விமர்சனத்துக்குப் பிறகு டிசம்பரில் ஃபிஃபா அறிவித்த 60 டாலர் ரசிகர் டிக்கெட், தகுதி பெற்ற நாடுகளின் சங்கங்கள் வழியாக, அவற்றுக்கு ஒதுக்கியதில் பத்தில் ஒரு பங்குக்கு மட்டும்தான். இந்திய ரசிகர் அந்த வரிசையிலேயே இல்லை.

அவருக்கு வாய்ப்புள்ள இடம், பெரிய பெயர்கள் இல்லாத குழு ஆட்டங்கள். ஆனா ஏப்ரலில் டிக்கெட் வாங்கிவிட்டு அதற்குப் பிறகு விசாவுக்கு விண்ணப்பித்தால், நேர்காணல், பரிசீலனை, பாஸ்போர்ட் திரும்பி வருவது எல்லாவற்றுக்கும் மிஞ்சுவது ஏழெட்டு வாரம்தான். கடைசிக் கட்ட விற்பனைக்குக் காத்திருப்பவரும் விசா படிவத்தை இப்போதே நிரப்பத் தொடங்க வேண்டியிருக்கிறது.